குடல் அழற்சி நோயில் எக்ஸோசோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரோன் நோயோ அல்சரேட்டிவ் கோலைட்டிஸோ இருப்பவர்கள் புதிய சிகிச்சை ஏதாவது வந்திருக்கிறதா என்று இணையத்தில் தேடினால், எப்படியும் ஒரு கட்டத்தில் எக்ஸோசோம் என்ற சொல்லில் போய் முட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கம் படிக்கவே முடியாத ஆராய்ச்சிக் கட்டுரைகள். இன்னொரு பக்கம், ஒரே ஊசியில் குடல் ஆறிவிடும் என்கிற விளம்பரங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எக்ஸோசோம் என்றால் என்ன?

செல்கள் தமக்கு வெளியே விடுகிற மிகச் சிறிய பொட்டலம். அகலம் ஏறக்குறைய 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் குறுக்குவாட்டில் எண்ணூறு எக்ஸோசோம்களை வரிசையாக வைத்துவிடலாம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியில் இது தெரியாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

பொட்டலத்தின் உறை, செல்லின் சவ்வைப் போலவே இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. உள்ளே புரதங்கள், கொழுப்புகள், ஆர்என்ஏ துணுக்குகள். இதில் மைக்ரோ ஆர்என்ஏ என்ற குட்டித் துணுக்குகளைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ஒரு செல்லில் எந்தப் புரதம் எவ்வளவு உற்பத்தியாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் வேலை அவற்றுடையது.

இது உருவாகும் விதம் அழகானது. செல்லுக்குள் எண்டோசோம் என்று ஒரு அறை உண்டு. அந்த அறையின் சுவர் உள்பக்கமாகக் குழிந்து, கிள்ளி எடுத்ததுபோல் குமிழி குமிழியாக உள்ளே விழும். குமிழிகள் நிறைந்த அறை செல்லின் ஓரத்துக்கு நகர்ந்து வெளிச்சவ்வோடு ஒட்டித் திறந்துகொண்டால் குமிழிகள் வெளியே கொட்டும். அப்படி வெளியே வந்த குமிழிதான் எக்ஸோசோம். அதே அறை ஓரத்துக்குப் போகாமல், செல்லின் ஜீரண அறையான லைசோசோமோடு கலந்துவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் ஜீரணமாகிவிடும்.

இதை முதலில் குப்பை என்று நினைத்தார்களாமே?

ஆமாம். 1983இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைப் பார்த்தன. ஒன்று மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு, மற்றது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிலிப் ஸ்டால் குழு. முழுமையாக வளராத சிவப்பணுக்கள், தமக்கு இனித் தேவைப்படாத, இரும்பை உள்ளே எடுக்க உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைச் சின்னச் சின்னக் குமிழிகளில் வைத்து வெளியே தள்ளுவதை அவர்கள் கண்டார்கள். செல் வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையை வெளியே போடுகிறது என்று அப்போது எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. பார்த்தது அதைத்தான்.

1996இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் நடந்த ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பி செல்கள் விடும் எக்ஸோசோம்கள், அதே மண்டலத்தின் டி செல்களைத் தூண்டிவிடக்கூடிய மூலக்கூறுகளைச் சுமந்திருந்தன. 2007இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இன்னொன்று தெரிய வந்தது: இந்தப் பொட்டலங்களுக்குள் ஆர்என்ஏ இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குள் போய் வேலையும் செய்கிறது. அதற்குப் பிறகு யாரும் குப்பை என்று சொல்லவில்லை.

குடல் அழற்சி நோய் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஐபிஎஸ்ஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஐபிஎஸ்ஸில் குடலின் இயக்கமும் உணர்வும் தடுமாறுகின்றன. குடல் சுவரில் புண் இருக்காது. இங்கே பேசுவது ஐபிடி, அதாவது குடல் அழற்சி நோய் பற்றி. அதில் முக்கியமானவை இரண்டு. க்ரோன் நோய் வாயிலிருந்து மலவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கலாம். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பொதுவாக மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலில் மேல்நோக்கிப் பரவும். பெரும்பாலும் உள்பூச்சோடு நின்றுவிடும்.

சரி, இந்தப் பொட்டலங்களுக்கும் குடல் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்?

குடலின் உள்பூச்சு ஒரே ஒரு செல் தடிமன்தான். அதற்கு மேலே கோழைப் படலம், அதற்கும் மேலே கோடானுகோடி பாக்டீரியாக்கள். கீழே நோய் எதிர்ப்புச் செல்கள் எப்போதும் தயாராக நிற்கின்றன. ஒற்றைச் செல் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இவ்வளவு கூட்டம் இருந்தும் தினம் தினம் சண்டை மூளவில்லை என்றால், யாரோ ஓயாமல் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பேச்சின் ஒரு பகுதி எக்ஸோசோம் வழியாக நடக்கிறது.

ஆரோக்கியமான குடலில் உள்பூச்சுச் செல்கள் விடும் பொட்டலங்களில் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் இருக்கிறது. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைக்கும் சமிக்ஞை அது. இப்படிப்பட்ட பொட்டலங்களை எலிகளுக்குக் கொடுத்தபோது, அமைதி காக்கும் வகை டி செல்கள் அதிகரித்துக் குடல் அழற்சியின் கடுமை குறைந்தது. அனெக்சின் ஏ1 என்ற இன்னொரு புரதமும் உண்டு. உள்பூச்சில் காயம் பட்டால், பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து இடைவெளியை மூட அது உதவுகிறது. அதுவும் பொட்டலத்தில்தான் போகிறது.

இனி நோயுற்ற குடல். கொலோனோஸ்கோபி செய்யும்போது குடலுக்குள் இருக்கும் திரவத்தை உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அழற்சி உள்ளவர்களின் பொட்டலங்களில் ஐஎல்-6, ஐஎல்-8, டிஎன்எஃப் போன்ற, அழற்சியோடு கைகோத்து வரும் மூலக்கூறுகளின் அளவு கூடுதலாக இருந்தது. ஆய்வகத்தில் வளர்த்த குடல் செல்கள் மேல் அவற்றைப் போட்டதும், அந்தச் செல்களும் ஐஎல்-8 சுரக்க ஆரம்பித்தன. ஐஎல்-8 என்பது நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்களை ‘இங்கே வா’ என்று கூப்பிடும் குரல். ஆக, புண்ணான இடத்திலிருந்து கிளம்பும் பொட்டலம், புண்ணாகாத செல்லையும் கூச்சல் போட வைக்கிறது.

கூப்பிட்ட நியூட்ரோஃபில்கள் சும்மா வருவதில்லை. அவையும் பொட்டலங்களைக் கொண்டுவருகின்றன. அவற்றில் மைக்ரோ ஆர்என்ஏ-23ஏ, மைக்ரோ ஆர்என்ஏ-155 என்ற இரண்டும் இருப்பதும், அவை உள்பூச்சுச் செல்லுக்குள் போய் டிஎன்ஏ இழைகள் உடையக் காரணமாவதும், உடைந்ததைச் சரிசெய்யும் ஏற்பாட்டையும் கெடுப்பதும் 2019இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. புண் ஏன் ஆறவே மாட்டேன் என்கிறது என்ற பழைய கேள்விக்கு இது ஒரு பதில். கறாராகச் சொன்னால், இந்த ஆய்வில் வந்தவை எக்ஸோசோம்கள் அல்ல, அவற்றைவிடச் சற்றுப் பெரிய நுண்துகள்கள். இந்தத் துறையில் பெயர்க் குழப்பம் நிறைய. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அப்படியென்றால் எக்ஸோசோம் நல்லதா, கெட்டதா?

அனுப்பியது யார், எந்த நிலையில் அனுப்பியது என்பதைப் பொறுத்தது. பொட்டலத்துக்கென்று தனி குணம் கிடையாது. ‘எக்ஸோசோம் குடலை ஆற்றும்’ என்று பொத்தாம்பொதுவாக யாராவது சொன்னால், எந்தச் செல்லின் எக்ஸோசோம் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கெட்ட பொட்டலங்கள் வெளியே வராமலே தடுத்துவிட முடியாதா?

ஜிடபிள்யூ4869 என்ற வேதிப்பொருள் ஆய்வகங்களில் அதற்காகவே பயன்படுகிறது. ஆனால் அது அனுப்புநர் யார் என்று பார்ப்பதில்லை. டிஜிஎஃப்-பீட்டா பொட்டலத்தையும் நிறுத்தும், நியூட்ரோஃபில் பொட்டலத்தையும் நிறுத்தும். தபால் நிலையத்தையே பூட்டுகிற கதை. மனிதர்களுக்கு மருந்தாக அது இல்லை.

குடலில் உள்ள பாக்டீரியாக்களும் எக்ஸோசோம் விடுமா?

எக்ஸோசோம் என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் பாக்டீரியாவுக்குள் எண்டோசோம் அறையே கிடையாது. ஆனால் பல பாக்டீரியாக்கள் தம் வெளிச்சவ்விலிருந்து இதே அளவுள்ள குமிழிகளை உதிர்க்கின்றன. அவை கோழைப் படலத்தைத் தாண்டி நம் செல்களை எட்டுகின்றன. முழு பாக்டீரியாவுக்கு அது எளிதல்ல.

இதில் என்னைப் பிடித்திழுத்த கதை பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் என்ற குடல்வாசியுடையது. இதன் குமிழிகளில் பாலிசாக்கரைடு ஏ என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. எலிகளைக் குடல் அழற்சியிலிருந்து அது காப்பாற்றுவது 2012இல் தெரிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கதை திரும்பியது. அந்தக் குமிழியின் சேதியை வாங்கிப் படிக்க, நம் எதிர்ப்புச் செல்லில் ஏடிஜி16எல்1, என்ஓடி2 என்ற இரண்டு மரபணுக்களும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். இரண்டும் க்ரோன் நோய்க்காரர்கள் காதில் விழுந்திருக்கக்கூடிய பெயர்கள். க்ரோன் நோயோடு தொடர்புள்ளதாக 2001இல் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட மரபணுவே என்ஓடி2தான். அதாவது, சிலருக்கு நல்ல பாக்டீரியா இருந்தும், அது நல்ல சேதியை அனுப்பியும், வாங்கும் இடத்தில் கோளாறு. அனுப்புநரை மட்டும் பார்த்தால் போதாது என்று சொல்லவைத்த ஆய்வு இது.

ரத்தத்தில் எக்ஸோசோமைச் சோதித்து நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

இப்போதைக்கு இல்லை. ஆசை மட்டும் நிறைய இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது: கொலோனோஸ்கோபிக்கு முதல் நாள் மருந்தைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கு நடந்தவர்களைக் கேட்டால் தெரியும். ரத்தம், உமிழ்நீர், மலம் என்று எல்லாவற்றிலும் தேடியிருக்கிறார்கள். உமிழ்நீர் எக்ஸோசோமில் பிஎஸ்எம்ஏ7 என்ற புரதம் ஐபிடி உள்ளவர்களிடம் கூடுதலாக இருப்பதாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. துப்பினால் போதும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் மிதக்கும் பொட்டலங்களில் பெரும்பங்கு ரத்த அணுக்களும் தட்டணுக்களும் விட்டவை. குடலிலிருந்து வந்தவை அந்தக் கூட்டத்தில் கொஞ்சம்தான். போதாததற்கு, கொலஸ்ட்ராலைச் சுமக்கும் கொழுப்புப் புரதத் துகள்களில் சில எக்ஸோசோம் அளவிலேயே இருக்கின்றன. எண்ணிக்கையிலோ எக்ஸோசோமை எங்கோ விட்டுவிடும். அழற்சியைக் காட்டும் புரதங்களான மலத்தின் கால்ப்ரோடெக்டின், ரத்தத்தின் சிஆர்பி, பிறகு உள்நோக்கி, பயாப்சி: மருத்துவர்கள் இன்றும் நம்புவது இவற்றைத்தான்.

எக்ஸோசோமை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். ஆய்வு முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்பது இங்கேதான் இருக்கிறது.

பழைய முறை, சுற்றிச் சுற்றி எடுப்பது. செல் வளர்த்த திரவத்தை மைய விலக்குக் கருவியில் முதலில் மெதுவாகச் சுற்றினால் செல்கள் அடியில் படியும். மேலே நிற்பதை எடுத்து இன்னும் வேகமாகச் சுற்றினால் செல் சிதைவுகள், அடுத்ததில் பெரிய குமிழிகள். கடைசியாக, புவியீர்ப்பைப் போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினால் எக்ஸோசோம் படியும். படிந்தது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அதனால் குழாயை உள்ளே வைக்கும் முன்பே, எந்தப் பக்கம் படியுமோ அந்தப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். திரவத்தைக் கொட்டியதும், ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும் அந்தக் கோட்டருகே சில சொட்டு உப்புக் கரைசல் விட்டுப் பிப்பெட்டால் மெல்ல அலசுவார்கள். கோடு போட மறந்தவரின் அன்றைய உழைப்பு போச்சு.

அலசி எடுத்ததில் எக்ஸோசோம் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். செல்களுக்கு ஊட்டமாகப் பசுக்கன்றின் சீரம் சேர்ப்பது வழக்கம். அந்தச் சீரத்திலேயே மாட்டின் எக்ஸோசோம்கள் ஏராளம். முன்கூட்டியே நீக்காவிட்டால், மனிதச் செல்லைப் படிக்கிறோம் என்று நினைத்து மாட்டுப் பொட்டலத்தைப் படித்துக்கொண்டிருப்போம். அப்புறம் அந்தப் பிரபலமான படம்: எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எக்ஸோசோம் நடுவில் குழிந்த கிண்ணம்போல் தெரியும். அது அதன் உண்மையான வடிவமே இல்லை, மாதிரியைக் காயவைக்கும்போது சுருங்கியதால் வந்தது. உறைந்த நிலையில் படம் எடுத்தால் உருண்டையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பல பாடப்படங்களில் கிண்ணம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். வெளியே வந்துவிட்ட ஒரு குமிழி, எண்டோசோம் அறையில் பிறந்ததா, செல்லின் வெளிச்சவ்விலிருந்து நேரடியாகப் பிதுங்கியதா என்று பார்த்துச் சொல்வது கடினம். அதனால் இத்துறைக்கான சர்வதேசச் சங்கம் 2014, 2018, 2023 என மூன்று முறை வழிகாட்டுதல் வெளியிட்டு, பிறப்பிடத்தை நிரூபிக்க முடியாதபோது ‘செல்லுக்கு வெளியேயான குமிழி’ என்ற பொதுப்பெயரையே பயன்படுத்தச் சொல்லி வருகிறது. எக்ஸோசோம் என்ற பெயரை விட யாருக்கும் மனம் வருவதில்லை. நானும் இங்கே விடவில்லை.

ஸ்டெம் செல் எக்ஸோசோம் சிகிச்சை என்கிறார்களே, அது என்ன?

தொப்புள்கொடி, கொழுப்புத் திசு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலிருந்து மீசென்கைமல் வகை ஸ்டெம் செல்களை வளர்க்கலாம். இவற்றுக்கு அழற்சியைத் தணிக்கும் இயல்பு உண்டு. உடலுக்குள் செலுத்தினால் இந்தச் செல்கள் அதிக நாள் தங்குவதில்லை, ஆனால் பலன் தெரிகிறது. அப்படியானால் வேலை செய்வது செல் அல்ல, அது விட்டுச்சென்ற பொட்டலமாக இருக்கலாமே என்ற யோசனையில் பிறந்ததுதான் இது. பொட்டலம் பெருகாது, அதனால் கட்டியாக வளரும் பயம் குறைவு. நுரையீரலின் நுண்குழாய்களில் செல்போல் சிக்கிக்கொள்ளாது. உறையவைத்துச் சேமிக்கலாம். எலிகளில் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன: எடை இழப்பு குறைந்தது, பெருங்குடல் சுருங்குவது குறைந்தது, டிஎன்எஃப் குறைந்தது.

இங்கே ஸ்டெம் செல்லையே மருந்தாகக் கொடுத்த சிகிச்சையின் கதையையும் சொல்லிவிட வேண்டும். க்ரோன் நோயில் மலவாயைச் சுற்றி வரும் பவுத்திரத்துக்கு, கொழுப்புத் திசு ஸ்டெம் செல்லால் ஆன டார்வாட்ஸ்ட்ரோசெல் என்ற மருந்து 2018இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. பெரிய கொண்டாட்டம். பிறகு நடந்த இரண்டாவது பெரிய சோதனையில் மருந்து கொடுத்தவர்களுக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மருந்து கொடுத்தவர்களுக்கும் போதிய வித்தியாசம் தெரியவில்லை. 2024 டிசம்பரில் ஐரோப்பியச் சந்தையிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது. முழுச் செல்லுக்கே இந்த நிலை என்றால், அதன் பொட்டலத்தைப் பற்றி இப்போதே அடித்துப் பேசுவது சரியல்ல.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. அளவை எதில் சொல்வது? துகள் எண்ணிக்கையிலா, புரத எடையிலா? ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தொகுதியில் வந்தது அடுத்ததில் அதேபோல் வருவதில்லை. ரத்தத்தில் செலுத்தினால் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே ரத்தத்தை விட்டு மறைந்து, கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேருகிறது. குடலுக்கு வருவது மிச்சம் மீதிதான்.

எலியில் வேலை செய்தால் மனிதனிலும் செய்யாதா?

எலிக்கு ஐபிடி தானாக வந்ததில்லை என்பதை நினைவில் வையுங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் டிஎஸ்எஸ் என்ற வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து ஒரு வாரம்போல் கொடுப்பார்கள். அது உள்பூச்சை அரித்துப் புண்ணாக்கும். நிறுத்திவிட்டால் எலி பெரும்பாலும் தானாகவே தேறத் தொடங்கும். டி செல், பி செல் இல்லாத எலிக்கும் இந்தப் புண் வரும். வருடக்கணக்கில் அடங்கி அடங்கிக் கிளம்பும் மனித நோயோடு இதை ஒப்பிடும்போது நிதானம் வேண்டும்.

பாலிலும் இஞ்சியிலும் எக்ஸோசோம் இருப்பதாகப் படித்தேன். சாப்பிட்டால் போதுமா?

பாலில் இருப்பது உண்மை. இஞ்சியிலிருந்து எக்ஸோசோம் போன்ற துகள்களைப் பிரித்து எலிகளுக்குக் கொடுத்து, குடல் அழற்சி தணிந்ததையும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவை பிரித்து, செறிவாக்கி, அளந்து கொடுத்தவை. உணவாகச் சாப்பிடுவதை அதற்கு ஈடாகச் சொல்ல முடியாது.

ஒரு கிளினிக்கில் எக்ஸோசோம் ஊசி போடுகிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். ஐபிடிக்கென்று எக்ஸோசோம் மருந்து எதுவும் அனுமதி பெற்றுப் புழக்கத்தில் இல்லை. அமெரிக்காவில் அனுமதியில்லாத எக்ஸோசோம் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டதையடுத்து, அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கை விடுத்தது. அசத்தயோபிரின், ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்சிமேப் போன்ற மருந்துகள் எடுப்பவர்களின் எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே அடக்கப்பட்டிருக்கும். சுத்தம் உறுதியில்லாத ஒரு குப்பித் திரவம் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிய ஆபத்து. இதைவிட மோசம், ஊசியை நம்பி வழக்கமான மருந்தை நிறுத்துவது. அடங்கியிருந்த நோய் கிளம்பிவிட்டால், பழைய மருந்துக்கு மறுபடி கட்டுப்படும் என்ற உத்தரவாதம் இல்லை.

முறையான ஆய்வு ஒன்றில் சேர வாய்ப்பு வந்தால் என்ன கேட்க வேண்டும்?

எந்தச் செல்லிலிருந்து எடுத்த பொட்டலம், எத்தனையாவது கட்ட ஆய்வு, ஒப்பிட ஒரு குழு இருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைப் பார்க்கலாமா, இப்போது எடுக்கும் மருந்தைத் தொடரலாமா, பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது. இவற்றைக் கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள், உங்கள் குடல் மருத்துவரிடம் காட்டுங்கள். சோதிக்கப்படும் மருந்துக்கே நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று சொன்னால், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள்.